ரெட்டை முடிச்சு

“ரெண்டாம் நம்பரை நிறுத்தணும் சார்.”

கேட்டேவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். லீவு கேள், நல்ல மின்விசிறி கேள், சம்பளத்தைக்கூடக் கூட்டிக் கேள், மெஷினை நிறுத்தச் சொல்லி மட்டும் யார் வாயிலும் விழுந்துவிடாதே. ஏழு மாதம் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தவள், எட்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேனேஜர் டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிற நேரமாகப் பார்த்துக் கேட்டாள்.

மேனேஜருக்கு ஆலை வைத்த பெயர் ‘சரிசரி’. எதைச் சொன்னாலும் முதலில் சரி சரி என்பார், பிறகுதான் காது கொடுப்பார். இந்தமுறை அந்தச் சரிகூட வரவில்லை. டம்ளரை வைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

“கொஞ்சம் மூச்சு விடட்டும்னு சொல்றியாம்மா?”

அங்கே அப்படித்தான் சொல்ல வேண்டும். மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் நோயாளி அங்கியும் ஆபரேஷன் துணியும் வந்து துவைபடுகிற அந்தச் சலவை ஆலையில் ‘நிறுத்து’ என்ற சொல்லுக்கே இடமில்லை. பெல்ட் அறுந்தாலும், தண்ணீர் வராவிட்டாலும், கரண்ட் போனாலும், மெஷின் மூச்சு விடுகிறது என்பார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் ஒருத்தியின் ஏப்ரன் நாடா உருளைக்குள் போய்விட, பக்கத்தில் நின்றவள் ஓடிப்போய் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். நாற்பது நிமிடம் ஆலை ஊமையாகக் கிடந்தது. லாரிகள் வெறுமையாகத் திரும்பின. ஒரு ஆஸ்பத்திரியில் அன்றைய ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டார்கள். நாடா மாட்டியவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொத்தானை அமுக்கியவளின் பெயர்தான் அடுத்த வாரம் வருகைப் பதிவில் இல்லை. அன்றிலிருந்து சிவப்புப் பொத்தானுக்கு மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஆலையில் கூரை ஒழுகுவதை யாரும் பார்ப்பதில்லை. அந்த டேப்பை மட்டும் மாதம் தவறாமல் புதிதாக ஒட்டுவார்கள்.

“மூச்சு விட வேணாம் சார். நிக்கணும். சூடு அறுபதைத் தாண்டி ஏற மாட்டேங்குது. எழுபத்தொண்ணாவது வேணும். மூணு வாரமா நானே தெர்மாமீட்டர் விட்டுப் பாத்துட்டேன். அதுல துவைச்சு வர்ற விரிப்புல கிருமி அப்படியே உக்காந்திருக்கு.”

“பேப்பர்ல எழுபத்திரண்டுன்னு இருக்கேம்மா.”

“அதை எழுதினது நான்தான் சார்.”

அவள்தான் எழுதினாள். சேர்ந்த முதல் நாள் காலை எட்டரை மணிக்கே, சாயங்காலம் ஐந்து வரைக்குமான வெப்ப அளவை எழுதி முடிக்கச் சொல்லியிருந்தார் சரிசரி. எல்லாக் கட்டத்திலும் ஒரே எண் இருந்தால் சோதனைக்கு வருகிறவன் சந்தேகப்படுவான், எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று, எழுபத்தொன்று என்று மாற்றி மாற்றிப் போடு, நடுவில் ஒரு எழுபத்து நாலு வந்தால் இன்னும் நம்பிக்கையாக இருக்கும் என்று, பூத்தையல் சொல்லித் தருகிறவர் மாதிரிப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை இவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். லாரி கிளீனராக அந்த கேட்டுக்குள் நுழைந்து அந்த மேஜை வரைக்கும் வந்தவர். நேரத்துக்கு லாரி போக வேண்டும், அதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. அதை அவர் ஒழுங்காகச் செய்தார்.

அவளை எடுத்ததே அந்தக் கையெழுத்துக்காகத்தான். ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தில் நுண்ணுயிரியல் படித்த பட்டதாரி ஒருவர் தினமும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அவர்கள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தையே முடித்ததில்லை. அம்மா முப்பது வருடமாக அந்த ஆலையில் காலையில் அழுக்கு மூட்டையைப் பிரித்து, வார்டுவாரியாகத் திரும்பக் கட்டி, மத்தியானத்துக்கு மேல் துவைத்த விரிப்பு மடிப்பவள். சரிசரியிடம் போய் நின்று, எம்பொண்ணு அதைத்தான் படிச்சிருக்கா சார் என்று இடத்தை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். சேர்ந்த அன்று மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் அம்மா ஏப்ரனைக் கழற்றிவிட்டு மாடிக்கு வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனாள். மகளைப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனாள். சக்கரம் வைத்த, சாய்மானம் உள்ள நாற்காலி. அன்று மாலை அப்பாவிடம் அது எப்படிச் சுற்றும் என்று கையால் சுற்றிக் காட்டினாள்.

அந்த அறையில் கிருமி வளர்த்துப் பார்க்கும் பெட்டி ஒன்றும் இருந்தது, இன்குபேட்டர் என்று மூடியிலேயே எழுதி. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். சேர்ந்த ஏழாம் மாதம், சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து கோபம் தலைக்கேறிய ஒரு நாள், அதைப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒயரை இழுத்தாள். ஒயரின் முனையில் பிளக்கே இல்லை. ஆறு வருடமாகச் சோதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவரும் ஒயர் எங்கே போகிறது என்று பார்த்ததில்லை. அன்று மாலை கடைத்தெருவில் ஒரு பிளக் வாங்கி, மறுநாள் அப்பாவின் ஸ்க்ரூ டிரைவரால் அவளே மாட்டினாள். பெட்டிக்குள் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

ஜெல்லி ஊற்றிய வட்டத் தட்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தப்படி வந்து, பிரிக்காமலேயே குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்தாள். துவைத்து வந்த விரிப்பில் தட்டை ஒற்றி எடுத்து, உடம்புச் சூட்டில் இரண்டு நாள் பெட்டிக்குள் வைத்தால், கண்ணுக்குத் தெரியாதது புள்ளி புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். முதல் தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்த அந்தக் காலையில் அதைக் கீழே வைக்கவே அவளுக்கு மனசில்லை. மூன்று வருடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கெட்டியான ஆங்கிலத்தில் அரைகுறையாகப் புரிந்துகொண்டு, மனப்பாடம் செய்து எழுதித் தள்ளியதெல்லாம் பொய் இல்லை என்று அந்தத் தட்டு சொன்னது. மஞ்சளாக ஒன்று, பால் நிறத்தில் ஓரம் சுருங்கி ஒன்று. இது இன்னது என்று சொல்ல அவளால் முடிந்தது. அந்தக் கட்டிடத்தில் அவள் ஒருத்தியால் மட்டும்தான் முடியும். அன்றைக்கு அவள் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துபோனாள்.

பிறகுதான் தட்டுகள் பேச ஆரம்பித்தன. ஒன்றாம் நம்பர் மெஷினில் துவைத்தவை சுத்தம். இரண்டாம் நம்பரில் துவைத்தவற்றில் வாரத்துக்கு வாரம் புள்ளி கூடிக்கொண்டே போனது. ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு, எலும்பு முறிவு, தீக்காயம், எல்லாம் அதே கதை. குழந்தைகள் வார்டு விரிப்பும் இரண்டாம் நம்பருக்குத்தான் எழுதப்பட்டிருந்தது. அது மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் சுத்தமாக வந்தது. அது எப்படி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தீக்காய வார்டுத் தட்டைப் பார்த்த அன்று, பிடிபட்டது போதும் என்று மேனேஜர் அறைக்குப் போனாள்.

சரிசரி எல்லாவற்றையும் கேட்டார். சூடேற்றும் சுருள் போய்விட்டது அவருக்கும் தெரியும். புதிது கப்பலில் வர வேண்டும், மூன்று மாதமாகும். அதுவரை இரண்டாம் நம்பர் நின்றால் அதில் வேலை செய்கிற பதினாலு பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான், அந்தப் பதினாலில் உன் அம்மாவும் உண்டு என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். தலைமை அலுவலகத்தில் தரக்கட்டுப்பாட்டுக்குத் தனி ஆள் கேட்கிறார்கள், அவள் பெயரைத்தான் சொல்ல நினைத்திருப்பதாகச் சொன்னார். தனி அறை, ஏசி. அம்மாவைக் கிழிசல் தைக்கும் அறைக்கு மாற்றிவிடலாம், உட்கார்ந்து செய்கிற வேலை. மூன்று மாதம் இப்போது போடுகிற மாதிரியே கையெழுத்துப் போட்டால் போதும்.

“உங்கம்மா காலைப் பாத்திருக்கேல்ல? நாளைக்குக் காலையில பதில் சொல்லும்மா,” என்றார். சொல்லிவிட்டுத்தான் ஆறிப்போன டீயைக் குடித்தார்.

அம்மாவின் காலை அவள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அன்று மாலையும் அம்மா அடுப்படி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வாளி வெந்நீருக்குள் இரண்டு காலையும் விட்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே நரம்பு கயிறு கயிறாகப் புடைத்துக் கிடந்தது. முப்பது வருடம் சிமெண்டுத் தரையில் நின்ற கால். லாரி ஓட்டி இடுப்பு போன பிறகு சமையலை எடுத்துக்கொண்ட அப்பா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, இன்னைக்கு யார் யாரைத் திட்டினாங்கன்னு வரிசையா சொல்லுங்க, எனக்கு வேற பொழுதுபோக்கு கிடையாது என்றார்.

அவள் சொன்னாள். அப்பாவின் கத்தி நின்றது. அம்மா வாளியிலிருந்து காலை எடுக்கவில்லை.

“நிறுத்தச் சொல்லிக் கேட்டியா?”

“கேட்டேன்.”

“வாயைத் தொறந்து அந்த வார்த்தையைச் சொன்னியா?”

“சொன்னேம்மா.”

இடம் போய்விடுமே என்றுதான் அம்மா அடுத்தது கேட்பாள் என்று நினைத்து, பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அம்மா வேறு எதையோ கேட்டாள்.

“நான் மடிச்சு அனுப்புன துணி அழுக்குன்னு எழுதினியா நீ?”

“துணி அழுக்குன்னு இல்லம்மா. மெஷின்...”

“மெஷினா மடிக்குது? நான் மடிக்கிறேன். முப்பது வருஷத்துல ஒரு விரிப்பு திரும்பி வந்தது கிடையாது. கறை இருக்குன்னு ஒரு நர்ஸம்மா போன் பண்ணினது கிடையாது. வெள்ளைன்னா எப்படி இருக்கணும்னு எனக்கு நீ தட்டு வச்சுக் காட்டப் போறியா?”

வளர்ந்ததிலிருந்து அந்த ஆலையை அவள் வெறுத்திருக்கிறாள். அம்மா உடம்பிலிருந்து வருகிற பிளீச்சிங் வாடையை, வெடித்த விரல் நுனியை, புடைத்த நரம்பை. அம்மா அந்த வேலையைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறாள் என்றே நினைத்திருந்தாள். அதில் அம்மாவுக்கு இவ்வளவு கர்வம் இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

போனை எடுத்துத் தட்டுகளின் படத்தைக் காட்டினாள். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்தாள்.

“இதெல்லாம் என்ன, சீழா?”

“கிருமிம்மா. கூட்டமா இருக்கறதால கண்ணுக்குத் தெரியுது. இது தீக்காய வார்டு. தோல் இல்லாம படுத்திருக்கவங்களுக்கு விரிக்கிறது.”

அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். காலியாக, கண்ணாடி மாதிரி இருந்த ஒரு தட்டில் விரல் நின்றது.

“இது?”

“குழந்தைங்க வார்டு. அதுவும் ரெண்டாம் நம்பர்ல போனதுதான். ஆனா எல்லா நாளும் இப்படித்தான் வருது. மூணு வாரமா மண்டையை உடைச்சுக்கறேன், ஏன்னு தெரியல.”

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். அப்பாதான் வெங்காயத் தட்டைப் பார்த்தபடி, “பொண்ணு மண்டை உடையறதுக்குள்ள சொல்லிடேன்,” என்றார்.

“நீங்க உங்க வேலையைப் பாருங்க.”

“இது நம்ம வீட்டு வேலைதானே.”

அம்மா, வாளித் தண்ணீரிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். “அது ரெண்டாம் நம்பர்ல போகல. குழந்தைங்க மூட்டைக்கு நான் ரெட்டை முடிச்சு போட்டுருவேன். ரெட்டை முடிச்சைப் பாத்தா நெட்டையக்கா எடுத்து ஒண்ணாம் நம்பர்ல திணிச்சுருவா. பேப்பர்ல என்ன வேணா எழுதியிருக்கட்டும்.”

நெட்டையக்கா மெஷினுக்குத் துணி ஏற்றுகிறவள். அம்மாவுடன் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவள்.

“எத்தனை நாளா?”

“நாலு மாசம் இருக்கும். மடிக்கும்போது கைக்குத் தெரியும்ல. ஒண்ணாம் நம்பர் துணி உள்ளங்கையைச் சுடும். ரெண்டாம் நம்பர் துணி வெதுவெதுன்னு, அப்பத்தான் உசுரு போன உடம்பு மாதிரி வருது. மெக்கானிக்கிட்ட சொன்னேன். உனக்கென்ன தெரியும், மடிக்கிற வேலையைப் பாருன்னான். சரி, நம்ம கையில இருக்கறதைச் செய்வோம்னு விட்டுட்டேன்.”

மூன்று வாரம் தெர்மாமீட்டரும் தட்டும் வைத்து அவள் கண்டுபிடித்ததை அம்மா உள்ளங்கையால் நாலு மாதத்துக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

“அப்போ மத்த வார்டு?”

“எல்லாத்தையும் ஒண்ணாம் நம்பர் தாங்காது.”

“அதனால யாருக்கு ரெட்டை முடிச்சு, யாருக்கு ஒத்தை முடிச்சுன்னு நீயே முடிவு பண்ணிட்டே.”

“வேற யாரு பண்ணினாங்க? நீ மாடியில எழுபத்திரண்டு எழுதிட்டிருந்தே.”

அது பட்டென்று விழுந்தது. அப்பா எண்ணெயில் வெங்காயத்தைப் போட்டார்.

பிறகு அம்மா இறங்கி வந்தாள். மூணு மாசம்தானே கண்ணு, போட்டுட்டுப் போ, குழந்தைங்க துணியை நான் பாத்துக்கறேன், நீ நாற்காலியில உக்காந்திருக்கறதைப் பாக்கும்போதுதான் எனக்கு இந்தக் கால் வலி தெரியறதில்ல என்றாள்.

“அந்த நாற்காலியில உக்காந்து நான் ஒரு வேலையும் செய்யலம்மா. பொய் எழுதறேன். நீ நின்னுட்டே நெஜமான வேலை செஞ்சே. எனக்கு அந்த வேலைதான் வேணும்.”

“நின்னுட்டா? அதுக்கா படிக்க வச்சேன்?”

அப்போதுதான் மற்றதையும் சொன்னாள். மூன்று ஆஸ்பத்திரிகளில் பெரியதற்குப் போன வாரம் ஒரு படிவம் கொடுக்கப் போயிருந்தாள். அங்கே பரிசோதனைக் கூடத்துத் தலைமை அம்மாள் இவள் போனிலிருந்த படங்களைப் பார்த்து, தட்டை யார் போட்டது என்று கேட்டாள். நான்தான் என்றதும், ஒரு வருடம் பயிற்சிக்கு வருகிறாயா, இப்போது வாங்குவதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், நாள் முழுக்க நிற்க வேண்டும், உட்கார முக்காலிகூடக் கிடையாது என்றாள். புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

“தட்டைப் பொட்டியிலேர்ந்து எடுத்து வெளிச்சத்துல பிடிப்பேம்மா. அந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி அது என்னன்னு உலகத்துல யாருக்கும் தெரியாது. நான்தான் முதல்ல பாக்கறேன். அது எப்படி இருக்கும்னு உனக்குச் சொல்லத் தெரியல.”

அம்மா காலை வாளியிலிருந்து எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

“விரிப்பை நாலு மூலையும் சேத்து உதறும்போது,” என்றாள் நிமிராமல், “பட்டுனு ஒரு சத்தம் வரும். சரியா வெளுத்த துணியில மட்டும்தான் அது வரும். அது வந்துட்டா அன்னைக்கு எனக்கு யார் திட்டினாலும் உறைக்காது.” துண்டை உதறிக் கொடியில் போட்டாள். “நாலு மாசமா அந்தச் சத்தம் பாதித் துணியிலதான் வருது.”

சாப்பிட வாங்க என்றார் அப்பா. அதற்குமேல் அம்மா கையெழுத்துப் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் நின்றே அவள் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொன்னாள். பக்கத்தில் நின்ற அம்மா பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காத மாதிரி இருப்பதில் அம்மா கெட்டிக்காரி. பஸ்ஸில் ஒரே ஒரு இடம் கிடைத்தது. அம்மா அதை அவளுக்குக் காட்டினாள். அவள் அம்மாவைத் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சரிசரியின் மேஜையில் தலைமை அலுவலகத்துக் காகிதம் தயாராக இருந்தது. அதற்கு மேல் அன்றைய வெப்பத் தாள். அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று அவரே சாயங்காலம் ஐந்து வரைக்கும் நிரப்பி வைத்திருந்தார். நடுவில் ஒரு எழுபத்து நாலு. கையெழுத்து இடம் மட்டும் காலி. பேனாவை மூடி கழற்றி நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கி மூடியைப் போட்டு மேஜையில் வைத்தாள். மூன்று வாரத்துத் தட்டுகளின் முடிவையும், உண்மையான சூட்டையும் தேதிவாரியாக எழுதிய நாலு பக்கத்தை அதன் பக்கத்தில் வைத்தாள்.

“இது உங்களுக்கு சார். இன்னொண்ணு ஆஸ்பத்திரியில தொத்து நோய்த் தடுப்பு பாக்கற சிஸ்டருக்கு. இப்போ அங்கதான் போறேன். பின்னாடி தெரிஞ்சா வருத்தப்படுவீங்க, அதனால முன்னாடியே சொல்றேன்.”

“உங்கம்மாவை நெனச்சுப் பாத்தியாம்மா?”

“நேத்து சாயந்திரம் பூரா அவங்களைத்தான் பாத்துட்டிருந்தேன் சார்.”

அவர் அந்த நாலு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதினாலு பேரும்மா என்றார் மெதுவாக. தீக்காய வார்டுல இருபத்திரண்டு படுக்கை சார் என்றாள் அவள்.

அறைக்கு வந்து பையை எடுத்தாள். தட்டுகளை ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கட்டிக்கொண்டாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்து, அப்பாவின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, இன்குபேட்டர் ஒயரிலிருந்து பிளக்கைக் கழற்றினாள். மூன்று திருகும் இறுகிப்போயிருந்தன. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி, பிளக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது அவள் வாங்கியது.

படியிறங்கும்போதே கீழே என்னமோ சரியில்லை என்று காதுக்குத் தெரிந்தது. வழக்கமாகச் சுவர் அதிரும். இன்றைக்குப் பாதிதான் அதிர்ந்தது.

அழுக்குத் துணி மேஜையிலிருந்து ஒன்றாம் நம்பர் வாசல் வரைக்கும் மூட்டைகள் வரிசையாக நின்றன. ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு, எலும்பு முறிவு, தீக்காயம், ஆபரேஷன். எல்லாவற்றிலும் ரெட்டை முடிச்சு. நெட்டையக்கா ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றாம் நம்பருக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். இன்னைக்குப் பூரா இதே மெஷின்னா லாரி எத்தனை மணிக்குப் போகும் என்று மெக்கானிக் கத்திக்கொண்டிருந்தான். முடிச்சைப் பாத்துத்தான் போடறேன், எனக்கென்ன தெரியும், நான் ஏத்துற வேலையைப் பாக்கறேன் என்றாள் நெட்டையக்கா. இரண்டு பெண்கள் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, அடுத்த மூன்று மாதத்தை நினைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் நம்பர் வாயைத் திறந்தபடி காலியாக நின்றது. சிவப்புப் பொத்தான்மேல் டம்ளர் கவிழ்ந்தபடியே இருந்தது. டேப்பில் ஒரு கீறல்கூட இல்லை. யாரும் எதையும் நிறுத்தவில்லை.

அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முடிச்சு, அதன்மேல் ஒரு இழுப்பு, இன்னொரு முடிச்சு. அவள் பக்கத்தில் வந்து நின்றபோதும் கை நிற்கவில்லை.

“எட்டே முக்கால் பஸ்ஸு சரியா வந்துரும்,” என்றாள் அம்மா. “நின்னுட்டு இருக்காத. போ.”

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள்.